சத்து மாத்திரை யாருக்கு?

பொதுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் மருந்துக் கடைகளின் முன்புறக் கண்ணாடி அலமாரியைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். இருமல் மருந்தும் தலைவலித் தைலமும் பின்வரிசைக்குப் போயிருக்கும். முன்வரிசையில் வண்ண வண்ணப் புட்டிகள் அணிவகுத்து நிற்கும். ஒன்று நினைவாற்றலை வளர்க்குமாம். இன்னொன்று உயரத்தைக் கூட்டுமாம். மூன்றாவது நோய் எதிர்ப்புச் சக்தியைத் தருமாம். மேலே அச்சிட்டிருக்கும் பெயர்கள் பலவானாலும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்: வைட்டமின்கள், தாது உப்புக்கள், அவற்றை விழுங்கச் செய்யக் கொஞ்சம் சர்க்கரை.

"பிள்ளை இரவு பகலாகப் படிக்கிறது, உடம்புக்குத் தெம்பு வேண்டாமா?" என்று பெற்றோர் வாங்கிக் கொடுக்கிறார்கள். அன்பினால் செய்யும் செலவு அது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் புட்டிக்குள் அறிவியல் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு அறிவியல் படிக்கும் உங்களுக்கு உண்டு.

சத்து மாத்திரை நல்லதா, கெட்டதா என்று கேட்பவர்களுக்கு என் விடை இது: கேள்வியில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. யாருக்கு? உடலில் ஒரு சத்து குறைந்தவர்க்கு அதே சத்து அமிழ்தம். குறையாதவர்க்கு அது வீண் செலவு. சில வேளைகளில் தீங்கும்கூட. நம் வீடுகளில் நடப்பதோ வேறு. தேவையில்லாத புட்டிக்குப் பணம் கொடுக்கிறோம். தேவையான மாத்திரை பள்ளியில் இலவசமாக வந்தால் ஜன்னல் வழியே வீசுகிறோம். இந்தத் தலைகீழ் வழக்கத்தைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கோழிகள் காட்டிய வழி

முதலில் வைட்டமின்களின் பெருமையைப் பேசிவிடுவோம். அது சாதாரணப் பெருமை அன்று.

1747ஆம் ஆண்டு, 'சாலிஸ்பரி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளைத் தேர்ந்தெடுத்தார். இந்நோய் கண்டவர்களுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும், ஆறிப்போன பழைய புண்கள் மீண்டும் வாய் திறக்கும், முடிவு மரணம். லிண்ட் அவர்களை இருவர் இருவராக ஆறு பிரிவாக்கினார். எல்லோருக்கும் ஒரே உணவு. மருந்து மட்டும் பிரிவுக்கு ஒன்று. ஒரு பிரிவுக்குக் காடி, ஒரு பிரிவுக்குக் கடல் நீர் என்று கொடுத்து வந்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவர் ஆறே நாளில் தேறினார்கள். அவர்களில் ஒருவர் வேலைக்கே திரும்பிவிட்டார். ஆயினும் பிரிட்டிஷ் கடற்படை தன் மாலுமிகளுக்கு முறையாக எலுமிச்சைச் சாறு வழங்கத் தொடங்கியது 1795இல்தான். இடையில் 48 ஆண்டுகள்! அரசாங்கக் கோப்புகள் அந்தக் காலத்திலும் ஆற அமரத்தான் நகர்ந்தன போலும்.

அடுத்த காட்சி ஜாவாத் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. அங்கே டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் பெரிபெரி என்ற நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் நரம்புகள் செயலிழந்து, இதயம் தளர்ந்து ஆட்களைச் சாய்க்கும் நோய் இது. கிருமிதான் காரணம் என்று அவர் நம்பினார். ஒருநாள் ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் அதே தள்ளாட்டம் வந்தது. சில மாதங்களில் தானாகவே தீர்ந்தும் போனது. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய, நன்கு தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றைக் கோழிக்குப் போடுவதா என்று மறுத்துவிடவே, கோழிகளுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தது, நோயும் நீங்கியது!

பின்னர் ஜாவாவின் சிறைச்சாலைகளில் கணக்கெடுத்தார்கள். தீட்டிய அரிசி உண்ட கைதிகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் பெரிபெரி. தீட்டாத அரிசி உண்டவர்களில் பதினாயிரத்தில் ஒருவருக்கே. அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாக எய்க்மான் எண்ணினார். அப்படியன்று, தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று உணவில் இல்லாமற் போவதே நோய்க்குக் காரணம் என்று அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ் 1901இல் விளக்கினார். 'ஏதோ ஒன்று வந்ததனால் நோய்' என்பது பழைய பாடம்; 'ஏதோ ஒன்று இல்லாததனால் நோய்' என்பது புதிய பாடம். 1912இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்ற பெயரைச் சூட்டினார். 'வீடா' என்றால் இலத்தீன் மொழியில் உயிர். தமிழில் உயிர்ச்சத்து என்று நாம் சொல்வது மிகப் பொருத்தமே.

இக்கதையில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1918இல் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்பவர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரோடு விளங்குகிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில், இன்றைய ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில், பெரிபெரி நிலைத்திருந்தது. தமிழ் மாவட்டங்களில் அது அரிது. இரு இடத்திலும் சோறுதான் உணவு. பின் வேறுபாடு எங்கே? அங்கே பச்சரிசி, இங்கே புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற வைட்டமின் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு தங்கும். நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்குத் தயமின் என்ற பெயர் தெரியாது. ஆனால் அவர்கள் அவித்த நெல் ஊரைக் காத்தது.

விளக்குக்கு எண்ணெய்

ஆகவே, சத்துக் குறைவு கொல்லும். அந்தச் சத்தைக் கொடுத்தால் உயிர் மீளும். இதுவரை கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மனித மனம் இங்கிருந்து ஒரு தாவல் தாவியது. குறைந்தால் நோய் என்றால், மிகுந்தால் இன்னும் நலம்தானே?

எண்ணெய் இல்லாத விளக்கு அணைந்துவிடும். வேண்டிய அளவு ஊற்றினால் எரியும். அதற்கு மேல் ஒரு குடம் ஊற்றினாலும் சுடர் பெரிதாகாது. எண்ணெய் வழிந்து தரையைத்தான் நனைக்கும். வைட்டமின்களும் அப்படியே. உடலுக்குத் தேவையான வேதிவினைகளில் அவை துணைபுரிகின்றன. துணைக்கு வேண்டிய அளவு சிறியது. ஒரு வளர்ந்த ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்று நம் நாட்டு வல்லுநர்கள் 2020இல் வரையறுத்திருக்கிறார்கள். 100 கிராம் கொய்யாப் பழத்தில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. அரைப் பழத்தில் அன்றையக் கணக்குத் தீர்ந்தது.

மிகுதி எங்கே போகிறது? பி வகை வைட்டமின்களும் சி வைட்டமினும் நீரில் கரைபவை. மிகுதியை உடல் பெரும்பாலும் சிறுநீரில் கழித்துவிடும். பி கூட்டு மாத்திரை விழுங்கியவர்களின் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சள் நிறமாவதைக் கண்டிருக்கலாம். ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமினின் நிறம் அது. கொடுத்த காசில் ஒரு பகுதி எந்த வழியாக வெளியேறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ரசீது வேண்டுமா? நீரில் கரையும் வகையிலும் எல்லாமே சாது என்று எண்ணிவிடக் கூடாது. பி6 வைட்டமினை நெடுநாள் அளவுக்கு மீறி உட்கொண்டால் நரம்புகள் பழுதாகிக் கை கால்கள் மரத்துப்போகும்.

ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. இவற்றை உடல் எளிதில் வெளியேற்றாது, சேர்த்து வைக்கும். வட துருவத்துக்குச் சென்ற பயணிகள் பனிக்கரடியின் கல்லீரலை உண்டு கடும் தலைவலியும் வாந்தியும் கண்டு, தோல் உரிந்து துன்புற்ற செய்திகள் உண்டு. அக்கல்லீரலில் நஞ்சு எதுவும் இல்லை, மிதமிஞ்சிய வைட்டமின் ஏதான் இருக்கிறது என்று 1943இல் ஆராய்ந்து கண்டார்கள். வைட்டமின் டி மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். அமிழ்தமும் அளவுக்கு மேல் நஞ்சு என்ற சொல் இங்கே உவமை அன்று, வேதியியல் உண்மை.

பின்லாந்தில் நடந்தது

மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய ஒரு சோதனையை இப்போது சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்கறி, பழங்களை மிகுதியாக உண்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டின. அவர்களுடைய இரத்தத்தில் பீட்டா கரோட்டின் என்ற பொருள் மிகுந்திருப்பதும் தெரியவந்தது. காரட்டுக்கு நிறம் தருவது இதுதான். முருங்கைக்கீரையிலும் மாம்பழத்திலும் உண்டு. நம் உடல் இதிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்ளும். அப்படியானால் பீட்டா கரோட்டினைத் தனியே பிரித்து மாத்திரையாக்கிக் கொடுத்தால் புற்றுநோயைத் தடுக்கலாமே! எண்ணம் நியாயமானதாகத்தான் தோன்றியது. நானும் நீங்களும் அங்கே இருந்திருந்தால் தலையாட்டியிருப்போம்.

ஆனால் அறிவியலில் தலையாட்டினால் போதாது. சோதித்துப் பார்க்க வேண்டும். பின்லாந்தில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 29,133 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் புகைபிடிப்பவர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல், விருப்பு வெறுப்பின்றி அவர்களைப் பிரிவுகளாக்கினார்கள். சிலருக்குப் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்குச் சத்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரை. தனக்குக் கிடைப்பது எது என்று உண்பவருக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் இப்படி நடந்தது.

1994இல் முடிவு வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. இறப்பும் 8 விழுக்காடு மிகுதி.

தற்செயலாக இருக்குமோ என்று ஐயுற்றவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து விடை கிடைத்தது. அங்கே புகைபிடிப்பவர்கள், அவ்வழக்கத்தை விட்டவர்கள், கல்நார்த் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏயையும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடு கூடுவதைக் கண்டு, 1996இல் குறித்த காலத்துக்கு முன்பே சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

முதலில் கண்ட தொடர்பு பொய்யா? இல்லை. காய்கறி உண்பவர்களுக்கு நோய் குறைவு என்பது மெய்தான். ஆனால் அவர்கள் பொதுவாகப் புகைப்பதும் குறைவு, நடப்பது மிகுதி, மருத்துவரை நாடுவதும் முன்கூட்டியே. தவிர, ஒரு காரட்டுக்குள் பீட்டா கரோட்டினோடு வேறு எத்தனையோ பொருள்கள் இருக்கின்றன. மழை நாளில் தெருவெல்லாம் குடைகள் தெரியும். அதற்காகக் குடையை விரித்தால் மழை வருமா? இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதனாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. இதை உணர்த்த ஆயிரக்கணக்கான மனிதர்கள் தம் உடலையே சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் மறக்காதீர்கள் என்றேன்.

பெரியவர் சொன்னால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. வேதியியலுக்கு 1954இலும் அமைதிக்கு 1962இலும் நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், வைட்டமின் சியை மிகுதியாக உண்டால் சளி பிடிக்காது என்று 1970இல் ஒரு நூலே எழுதினார். அவர் பேச்சைக் கேட்டு இலட்சக்கணக்கானவர்கள் வாங்கி விழுங்கினார்கள். பின்னர் நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்ததில், நாள்தோறும் உண்டாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்கு 8 விழுக்காடு, சிறுவர்களுக்கு 14 விழுக்காடு குறைந்தது. பத்து நாள் சளி ஒன்பது நாளில் போகும், அவ்வளவே. மாரத்தான் ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் படைவீரர்கள் போன்றோர்க்கு மட்டும் பலன் நன்றாகத் தெரிந்தது. பாலிங் மாபெரும் விஞ்ஞானி, ஐயமில்லை. ஆனால் சளிக்கு நோபல் பரிசு தெரியாது.

எல்லாச் சத்தும் கலந்த மாத்திரையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 14,641 ஆண் மருத்துவர்களிடம் பத்தாண்டுக்கு மேல் சோதித்து 2012இல் வெளியிட்ட முடிவின்படி, புற்றுநோய் 8 விழுக்காடு குறைந்தது. இதய நோய் குறையவில்லை. 2024இல் வெளியான வேறோர் ஆய்வு, நலமாக இருந்த சுமார் 3,90,000 பெரியவர்களை இருபதாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்ததில், அம்மாத்திரையைத் தினமும் உண்டவர்களின் ஆயுள் கூடியதற்கு அடையாளம் இல்லை என்றது. இந்த இரண்டாவது ஆய்வு சீட்டுக் குலுக்கி நடத்தியதன்று. ஆகவே அதன் வலிமை சற்றுக் குறைவு. எப்படிப் பார்த்தாலும், மூன்று வேளை சாப்பிடும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த மாத்திரையை வாங்கிக் கொடுக்க இவை காரணம் ஆகா.

யாரோடு ஒப்பிட்டு?

விளம்பரங்களைப் படிக்கும்போது மாணவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்திருந்தால் போதும். யாரோடு ஒப்பிட்டு? 'எங்கள் பானத்தைப் பருகிய சிறுவன் ஆறு மாதத்தில் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்தான்' என்றால், பருகாத சிறுவன் எத்தனை வளர்ந்தான் என்று கேளுங்கள். உங்கள் வயதில் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ தானாகவே வளர்வீர்கள். தினமும் வெறுந்தண்ணீர் குடித்தவனும் அப்படித்தான் வளர்வான்!

புட்டியின் மேலுள்ள சிறிய எழுத்துக்களையும் படித்துப் பழகுங்கள். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி இவ்வகைச் சத்துப் பொருள்கள் மருந்தின் கணக்கில் வரமாட்டா. உணவின் கணக்கில் வரும். மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்ற வாசகம் அவற்றின் மேல் இருக்க வேண்டும். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள வாக்குறுதியையும், பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் உள்ள இந்த வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நல்ல வேடிக்கையாக இருக்கும். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், 'ஆரோக்கிய பானம்' என்ற ஒரு வகை நம் உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை. ஆகவே இணைய வணிக நிறுவனங்கள் பால்மாவு, மால்ட் பானங்களை அத்தலைப்பில் விற்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. எத்தனை ஆண்டுகளாக அச்சொல் நம் காதில் ஒலித்து வந்தது என்பதை உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள்.

ஒரு கணக்குப் போடலாம். உங்கள் வீட்டில் மாதம் 300 ரூபாய் சத்துப் புட்டிக்குச் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பணத்துக்கு எத்தனை முட்டை, எத்தனை கட்டுக் கீரை, எத்தனை கிலோ கேழ்வரகு வரும் என்று உங்கள் ஊர்க் கடையில் விலை கேட்டு எழுதுங்கள். 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் என்றால், 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேல். (அதில் முழுவதையும் உடல் ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை.) முட்டையில் புரதத்தோடு ஏ, டி, பி12 மூன்றும் உண்டு.

நீல மாத்திரை

இவ்வளவும் கேட்டுவிட்டு, "நான் அப்போதே சொன்னேனே! கீரையில் இல்லாத சத்தா? மாத்திரையே வேண்டாம்" என்று வீட்டுப் பெரியவர் யாராவது மகிழ்ந்தால், அவரோடும் எனக்கு வழக்கு உண்டு.

சில சத்துக்களை மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுத்தே ஆக வேண்டிய மனிதர்கள் இருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு இரத்தம் உறைவதற்காக வைட்டமின் கே ஊசி போடுகிறார்கள். பி12 தாவர உணவுகளில் இல்லை; பால் பொருள்களைக்கூட ஒதுக்கிய முழுச் சைவர்களுக்கு அது மாத்திரையாக வேண்டும். கருவுறும் முன்பும் கருவுற்ற முதல் வாரங்களிலும் ஃபோலிக் அமிலம் உண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு பெருமளவு தவிர்க்கப்படுகிறது. 1991இல் முடிவு வெளியான ஒரு சோதனையில், முன்பு அத்தகைய குழந்தை பெற்ற தாய்மார்களிடையே இக்குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. இந்த ஃபோலிக் அமிலத்தின் கதையும் இந்தியாவில் தொடங்கியதுதான். 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர், ஏழைக் கருவுற்ற பெண்களின் கடும் இரத்தசோகைக்கு ஈஸ்ட் சாறு மருந்தாவதைக் கண்டார். அச்சாற்றில் இருந்த மருந்துதான் பின்னர் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

எல்லாவற்றினும் நமக்கு நெருக்கமானது இரும்புச்சத்து. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுடைய பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பையன்களில் 31 விழுக்காடு. உங்கள் வகுப்பில் பெண்கள் அமரும் பலகைகளை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு மூன்று பேர்! இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் மூளைக்கும் தசைக்கும் உயிர்வாயு குறையும். மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கும். மூன்றாவது பாடவேளையில் எழுத்துக்கள் மங்கும். 'இவள் சோம்பேறி' என்ற பெயர் கிடைக்கும். நினைவாற்றலுக்கு டானிக் தேடி அலைகிறோமே, இப்படிப்பட்ட பெண்ணுக்கு உண்மையான டானிக் இரும்புதான்.

கீரையால் மட்டும் இக்குறை விரைவில் தீராது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பில் மிகச் சிறு பங்கையே நம் குடல் ஏற்கிறது. வளரும் வயது, மாதவிலக்கு, வயிற்றிலுள்ள கொக்கிப்புழு எல்லாமாகச் சேர்ந்து இழப்பு மிகுதி; வரவு குறைவு. அதனால்தான் பள்ளிகளில் வாரம் ஒருமுறை நீல நிற மாத்திரை கொடுக்கிறார்கள். 2018இல் அறிவித்த 'இரத்தசோகை இல்லா இந்தியா' திட்டத்தின்படி அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. பெட்டியில் நடிகர் படம் இல்லை; சாக்லேட் சுவை இல்லை; விலையும் இல்லை. ஒருவேளை அதுதான் அதன் குறையோ? நாக்குக்கடியில் ஒதுக்கி, ஆசிரியர் திரும்பியதும் துப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புட்டி டானிக் குடிக்கும் மாணவிகள் இருக்கிறார்கள். துப்பியது சோதனைகளில் தேறிய மருந்து. குடித்தது பெரும்பாலும் சர்க்கரை.

இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அது மிட்டாயும் அன்று. 2023 மார்ச்சில் உதகமண்டலத்துப் பள்ளி ஒன்றில் மாணவிகள் சிலர் போட்டி போட்டுக்கொண்டு இரும்பு மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கினார்கள். ஒரு சிறுமி இறந்துபோனாள். அளவுக்கு மீறிய இரும்பு குடலைப் புண்ணாக்கும், கல்லீரலைத் தாக்கும். இதை எழுதவே கை தயங்குகிறது. ஆனால் தெரியாமல் இருப்பது இன்னும் ஆபத்து. வாரத்துக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். போன வாரம் விட்டுப்போனதற்காக இந்த வாரம் இரண்டு விழுங்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுவர நேர்ந்தால் தம்பி தங்கைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். யாராவது மிகுதியாக விழுங்கிவிட்டால், திட்டுவார்கள் என்று மறைக்காமல் உடனே பெரியவர்களிடம் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பலர் இம்மாத்திரையை வெறுப்பதற்குக் காரணம், வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டல் வருவதுதான். மதிய உணவு உண்ட பிறகு விழுங்கினால் அத்தொல்லை பெரும்பாலும் இராது. அன்று எலுமிச்சைச் சோறோ, நெல்லிக்காயோ, ஒரு துண்டு கொய்யாவோ சேர்ந்தால் இன்னும் நல்லது. அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பைக் குடல் ஏற்கத் துணைசெய்யும். தேநீரும் காப்பியும் அதற்கு நேர் எதிர். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அவற்றைத் தள்ளிப் போடுங்கள். மறுநாள் மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம்; குடல் ஏற்காத மிச்ச இரும்புதான் அது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையையும் தவறாமல் மென்று விழுங்குங்கள். இல்லையெனில் நீங்கள் உண்ணும் இரும்பில் ஒரு பங்கைக் கொக்கிப்புழுவால் இழந்துவிடுவீர்கள்.

படியேறினால் மூச்சிரைப்பும், வெளுத்த நகமும், ஓயாத களைப்பும் இருந்தால் வாரம் ஒரு மாத்திரை போதாமல் இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைச் சோதித்துச் சொல்வார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு குறித்து வையுங்கள்.